360 சதுர அடிக்குத்தான் அதிக யோசனை வேண்டும்



உங்கள் வீடு கட்டப்பட்டபோது, சமையலறை மேடை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று உங்களிடம் யாராவது கேட்டார்களா?

மேஸ்திரி ஒரு யோசனை சொல்லியிருப்பார். வாஸ்து பார்ப்பவர் ஒரு மூலையைக் காட்டியிருப்பார். மச்சான், மாமா என்று ஆளுக்கொரு ஜன்னலை நகர்த்தியிருப்பார்கள். அந்த மேடை முன்னால் தினமும் மணிக்கணக்கில் நிற்கப்போகிறவரிடம் மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. குடிபோய், இடுப்பு வலி வந்த பிறகுதான் ‘இன்னும் ரெண்டு அங்குலம் தூக்கியிருக்கலாம்’ என்ற பேச்சே வரும்.

ஆர்க்கிடெக்ட் வைத்துக் கட்டுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. கேட்பதற்குத்தான் அவருக்கு ஃபீஸ். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஆர்க்கிடெக்ட் வைத்துக் கட்டுகிறோம்? ‘அதெல்லாம் பங்களா கட்டுறவங்களுக்கு’ என்று நாமே முடிவுகட்டி வைத்திருக்கிறோம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பெரிய வீட்டில் தப்பு நடந்தாலும் இடம் இருக்கிறது, சமாளித்துக்கொள்ளலாம். சின்ன வீட்டில் ஒரு கதவு தப்பான பக்கம் திறந்தாலே கட்டில் போட இடமில்லாமல் போகும். பெரிய சூட்கேஸில் துணியை எப்படியும் திணிக்கலாம். சின்னப் பையில் நாலு நாள் துணி கொள்ள வேண்டுமென்றால்தான் மடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?

தமிழ்நாடு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டப்படும் வீடு 360 சதுர அடி. 2024-25இல் தொடங்கியபோது ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்று அறிவித்தார்கள். 2030க்குள் கிராமங்களில் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. அதற்கு முன் 2011இல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. மத்திய அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. குடிசையிலும் ஒழுகும் ஓட்டுக்கு அடியிலும் காலம் தள்ளியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த 360 சதுர அடிக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். மாமியார், கணவன் மனைவி, வயசுக்கு வந்த பெண், பத்தாவது படிக்கும் பையன். அரிசி மூட்டை, பீரோ, டிவி. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் என்றால் இன்னொன்றும் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது வேலை.

இந்த வட்டாரத்துப் பெண்கள் நிறையப் பேர் காலையில் கம்பெனி பஸ் ஏறி ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். போக முடியாதவர்களுக்கு வேலை வீடு தேடி வருகிறது. ஷூவின் மேல்பாகத்தை, அதாவது ‘அப்பர்’ என்கிறார்களே, அதைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். கையால் தைத்துக் கொடுத்தால் ஜோடிக்கு இவ்வளவு என்று சில ரூபாய் கூலி. வெளிநாட்டுக் கடைகளின் கண்ணாடி அலமாரியில் நிற்கும் ஷூக்களில் சிலவற்றின் தையல் நம் கிராமத்து வாசற்படிகளில் போட்டது.

ஏன் வாசற்படி? வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது. கான்கிரீட் வீட்டின் ஜன்னல் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் தொடங்குகிறது. நின்றுகொண்டு பார்ப்பவருக்கு அது சரி. தரையில் உட்கார்ந்து ஊசி கோர்ப்பவருக்கு அந்த வெளிச்சம் தலைக்கு மேலேயே போய்விடும். அதனால் வாசலில், முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல், வெயில் ஏற ஏற நிழலோடு நகர்ந்தபடி தைக்கிறார்கள்.

ஒரு ஜன்னலை ஒன்றரை அடி கீழே இறக்கினால் போதும். இதற்குக் கூடுதல் செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது. யாராவது முன்கூட்டியே கேட்டிருந்தால் போதும்.

கனவு இல்லத்தின் விதியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும். மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளி விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். அந்த 60 சதுர அடியைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஓடு போட்ட திண்ணையாக அது அமைந்தால் பகலில் தையல் வேலைக்கு இடம், மாலையில் பிள்ளை படிக்க இடம், இரவில் தாத்தா படுக்க இடம். யோசிக்காமல் விட்டால் அது பழைய சைக்கிள் நிறுத்தும் மூலை ஆகிவிடும்.

இந்த யோசனையை யார் செய்வது? கல்லூரியில் ஆர்க்கிடெக்சர் படிக்கும் நம் பிள்ளைகள் செய்யலாம் என்கிறேன். படத்தில் மட்டும் போதாது. மண்ணில் கை வைத்துச் செய்ய வேண்டும்.

பி.ஆர்க் ஐந்து வருடப் படிப்பு. அதில் கிராமத்துக்குப் போய் ஆய்வு செய்வது பல கல்லூரிகளில் பாடத்தின் ஒரு பகுதி. உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். டேப்பும் நோட்டும் கேமராவுமாக ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். தெருவை அளப்பார்கள், திண்ணையை அளப்பார்கள், தூணைப் படம் எடுப்பார்கள். ஊர்க்காரர்கள் மோர் கொடுப்பார்கள். பிறகு வேன் கிளம்பிவிடும். அழகான வரைபடங்கள் கல்லூரிச் சுவரில் தொங்கும், மார்க் விழும். அளந்து கொடுத்த ஊருக்கு என்ன கிடைத்தது?

பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அவர்களிடம் அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் நல்ல உதாரணம் இருக்கிறது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஹேல் கவுண்டி என்று ஓர் ஏழைக் கிராமப் பகுதி. அங்கே 1993இல் ஆபர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சாமுவேல் மாக்பீயும் டி.கே. ரூத்தும் ‘ரூரல் ஸ்டுடியோ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆர்க்கிடெக்சர் மாணவர்கள் கிராமத்துக்கே வந்து தங்க வேண்டும். அங்குள்ள குடும்பங்களோடு பேசி வீடு வரைய வேண்டும். வரைந்ததைத் தங்கள் கையாலேயே கட்டித் தர வேண்டும். இதுதான் ஏற்பாடு. 1994இல் முடிந்த முதல் வீட்டின் சுவர்கள் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பூசியவை. பிறகு பழைய கார்க் கண்ணாடி, கார்ப்பெட் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் வைத்துக் கட்டினார்கள். பத்திரிகைகள் கொண்டாடின.

அதன் பிறகு நடந்ததைத்தான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 2001 இறுதியில் மாக்பீ காலமானார். பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃப்ரியர் காலத்தில், 2005இல், ‘20 ஆயிரம் டாலர் வீடு’ என்ற முயற்சி தொடங்கியது. பொருளுக்கு 12 ஆயிரம், கூலிக்கும் கான்ட்ராக்டர் லாபத்துக்கும் 8 ஆயிரம். சொற்ப உதவித்தொகையில் வாழும் ஒருவர் கடன் வாங்கிக் கட்டி, தவணையை அடைக்கக்கூடிய தொகை எவ்வளவு என்று கணக்குப் போட்டு வந்த விலை அது. ஊரார் வேடிக்கை பார்க்க ஒரே ஒரு அதிசய வீடு கட்டுவதைவிட, யார் வேண்டுமானாலும் திரும்பக் கட்டக்கூடிய வீட்டை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டே போவது மேல் என்று அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

அதே வீட்டை வெளிச்சந்தையில் கான்ட்ராக்டரிடம் கொடுத்தபோது அந்த விலைக்குள் முடிக்க முடியவில்லை என்பதும் உண்மை. மாணவர்களின் உழைப்புக்குக் கூலி இல்லையே! இதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வீடு மலிவாக வருவதற்கு அதன் வரைபடம் மட்டும் காரணம் இல்லை, அதைச் சுற்றியுள்ள ஏற்பாடும் காரணம் என்று தெரிந்துகொள்வதே ஒரு படிப்புதான்.

‘அமெரிக்கா பணக்கார நாடு’ என்பீர்கள். சரி, வங்காளதேசத்துக்கு வருவோம். ஆனா ஹெரிங்கர் என்ற ஜெர்மன் பெண் தன் பத்தொன்பதாவது வயதில், 1997இல், தினாஜ்பூர் மாவட்டத்தின் ருத்ராபூர் கிராமத்துக்கு ‘தீப்ஷிகா’ என்ற தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ய வந்தார். பிறகு ஆஸ்திரியாவில் ஆர்க்கிடெக்சர் படித்தார். அந்தக் கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் என்பதையே 2004இல் இறுதியாண்டு ப்ராஜெக்டாக எடுத்துக்கொண்டார். ப்ராஜெக்ட் பேப்பரோடு நின்றுவிடவில்லை. அந்த ஊர் மண்ணையும் மூங்கிலையும் வைத்து, அந்த ஊர் ஆட்களோடு சேர்ந்து இரண்டு மாடிப் பள்ளியாக எழும்பியது. 2007இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பயிற்சி பெற்ற ஊர்க்காரர்களுக்கு அந்தக் கைத்தொழில் மிஞ்சியது. எனக்குப் பெரிதாகப் படுவது விருதைவிட அதுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? வேலூரிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது, கட்டடத்தில் இல்லை, மருத்துவத்தில்.

சிஎம்சி மருத்துவமனை 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு ஐடா ஸ்கடர் தொடங்கியது. நோயாளி வரட்டும் என்று காத்திராமல், சாலையோர மரத்தடிகளுக்கு மருந்துப் பெட்டியோடு போய் வைத்தியம் பார்த்தவர் அவர். இன்றைக்கும் அங்கே முதலாண்டு மருத்துவ மாணவர்கள் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய், என்ன சாப்பிடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் படிப்பது பாடத்தின் அங்கம். 1977இல் கே.வி.குப்பம் ஒன்றியத்தில் தொடங்கிய ‘ருசா’ கிராமப்புறச் சேவைக்கென்றே ஏற்பட்டது. நோயாளியின் வீட்டைப் பார்க்காதவன் நல்ல டாக்டர் ஆக முடியாது என்று வேலூர் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால், குடியிருப்பவரின் அன்றாடத்தைப் பார்க்காதவர் மட்டும் நல்ல ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியுமா?

அதே சிஎம்சியில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், கொல்லிமலையில் வளர்ந்தவர். மருத்துவம் படிக்கப் போகும் முன் கட்டட வேலை கற்றவர். குணமானவர்களை ஊரார் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. 1950களின் தொடக்கத்தில், அவர்கள் தங்கித் தொழில் கற்றுக்கொள்ளக் கல்லூரி வளாகத்திலேயே கிராமத்து வீடுகளைப் போன்ற மண் சுவர்க் குடில்களைக் கட்டி, ‘நவஜீவ நிலையம்’ என்று பெயர் வைத்தார். அறுவைச் சிகிச்சை செய்த கையே வீட்டுக்கும் திட்டம் போட்டது.

ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரும் தொழுநோய் இல்லங்களுக்கான கட்டட வேலைக்காகத்தான் 1945இல் இந்தியாவுக்கு வந்தார். நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளால் கட்டப்பட வேண்டும் என்று காந்தி அவரிடம் சொன்னதாக அவரே நினைவுகூர்வார். 2007இல் மறையும் வரை கேரளத்தில் அவர் கட்டியவை அந்தப் பேச்சுக்கான பதில்கள்தான்.

அவருடைய இரண்டு உத்திகளை இங்கே சொல்லிவிடுகிறேன். வீடு கட்டப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’ முறைச் சுவர். செங்கல் சுமார் கால்பங்கு மிச்சம். உள்ளே காற்று இருப்பதால் வெயில் சூடும் மெதுவாகத்தான் ஏறும். இரண்டாவது, ‘ஃபில்லர் ஸ்லாப்’. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட் அதிகம் சுமை தாங்குவதில்லை. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டால் சிமெண்டும் மிச்சம், தளத்தின் எடையும் குறைவு.

இதெல்லாம் புதுசில்லை. பிறகு ஏன் நம் தெருவில் காணோம்? மேஸ்திரிக்கு முதல் முறை செய்யும்போது நேரம் கூடும், கூலி கட்டாது. வீட்டுக்காரருக்குப் பயம். பக்கத்தில் நின்று செய்து காட்ட ஆள் இல்லை. மாணவர்கள் நிரப்பக்கூடிய இடம் இதுதான்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் கிராமத்துக்குப் போய் ‘மண் வீடு எவ்வளவு குளிர்ச்சி தெரியுமா’ என்று உபதேசம் செய்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஏ.சி. அறையில் இருப்பவர் அதைச் சொன்னால் கேட்பவருக்குக் கோபம்தான் வரும். பெண் பார்க்க வருபவர்கள் ‘தளம் போட்ட வீடா?’ என்று கேட்கும் ஊரில், ஒரு தகப்பனுக்குக் கான்கிரீட் தளம் மரியாதை சம்பந்தப்பட்டது. அந்த ஆசை நியாயமானது. அந்தத் தளத்துக்கு அடியில் ராத்திரி தூங்க முடிகிற மாதிரி செய்து கொடுப்பதுதான் படித்தவர் வேலை.

வேலூர் வெயில் ஊரறிந்தது. பகலெல்லாம் சூட்டைக் குடித்த தளம் ராத்திரி அதை உள்ளே இறக்கும். இதைத் தணிக்கும் வழிகள் தெரிந்தவைதான்: எதிரெதிர் ஜன்னல், சூடான காற்று வெளியேற மேலே துளைகளுள்ள ஒரு ஜாலி, மேற்குச் சுவருக்கு நிழல், மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது. சுண்ணாம்போடு செங்கல் ஜல்லி போட்டு மேலே தட்டோடு பதிப்பது நம் பழைய மேஸ்திரிகளுக்கு அத்துப்படி. அவர்களிடமிருந்து மாணவர்கள் கற்க வேண்டியதும் நிறைய இருக்கிறது.

தோல் வட்டாரத்துக்கென்று தனிக் கவலையும் உண்டு. அது தண்ணீர்.

தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள். தோல் பதனிடும் டேனரியில் முதலில் அந்த உப்பைக் கழுவி எடுக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக அப்படி வெளியேறிய தண்ணீர் பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதற்கு, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பே சாட்சி. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுவதும் பேசவைத்த வழக்கு, நம் வேலூரில் பிறந்தது.

குடிக்க முடியாத தண்ணீர் என்று நமக்குத் தெரியும். வீடு கட்டவும் ஆகாத தண்ணீர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தர விதி. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பும். மேலே பூச்சு வெடிக்கும். சில வருடங்களில் தளத்திலிருந்து துண்டு துண்டாக உதிரும். ‘மேஸ்திரி ஏமாத்திட்டான்’ என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். குற்றவாளி போர் தண்ணீராக இருக்கலாம்.

அஸ்திவாரம் தோண்டும் முன் ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக் கல்லூரி லேபில் சோதித்துச் சொல்வது மாணவர்களுக்குக் கடினமா? மண் கல் அறுக்கிறோம் என்று யாராவது கிளம்பினால், அந்த மண் டேனரிக் கழிவு கொட்டிய இடத்தது இல்லை என்று முதலில் உறுதிசெய்வதும் அவர்கள் பொறுப்பு. அலபாமாவில் செய்ததை அப்படியே எடுத்துவந்து ஆம்பூரில் செய்ய முடியாது என்பது இதனால்தான்.

அடுத்தது மழை. 2021 நவம்பர் 19 விடியற்காலை, பேரணாம்பட்டில் கனமழையில் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். நாம் ஒரு வாரம் வருந்தினோம், அப்புறம் வேறு செய்தி வந்துவிட்டது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் தமிழ்நாட்டின் ஏதோ ஒரு மூலையில் ‘சுவர் இடிந்து பலி’ என்று செய்தி வருவது நமக்குப் பழகிவிட்டது. பழகலாமா?

ஊறிய சுவர் எச்சரிக்கை இல்லாமல் விழுவதில்லை. அடியில் ஈரம் ஏறும், விரிசல் அகலும், சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளும். ஒரு மாணவர் குழு ஆவணி மாதத்தில் தெருத் தெருவாகப் போய், கல்லூரி ஆசிரியரும் ஓர் இன்ஜினியரும் கூட இருக்க, ‘இந்தச் சுவர் ஆபத்து, இதற்கு முட்டுக் கொடுங்கள், இந்த இறவாரத்தை ஒரு அடி நீட்டுங்கள், சுவரடியில் தண்ணீர் நிற்காமல் சரிவு போடுங்கள்’ என்று குறித்துக் கொடுத்தால்? புது வீடு எதுவும் கட்டாமலே சில உயிர்களைக் காப்பாற்றலாம். இதற்கும் மார்க் கொடுக்கலாமே!

‘பசங்க கட்டினா நிக்குமா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. எந்த மாணவர் வேலையும் ஆசிரியர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், அனுபவமுள்ள கொத்தனார் மூவரும் ஒப்புக்கொள்ளாமல் எழும்பக் கூடாது. முதல் வருடமே வீடு வேண்டாம். குளியலறை, திண்ணை, அங்கன்வாடிக்கு நிழல் பந்தல், கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் உட்கார ஓர் இடம் என்று தொடங்கட்டும். அதிகாலை இருட்டில் மழையில் நனைந்தபடி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களுக்கு, உருப்படியாக நினைத்துக் கட்டிய ஒரு நிழற்குடை சின்ன விஷயமா?

குளியலறை என்றதும் இன்னொன்று. டேனரியில் வேலை முடித்து வருபவர் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழையத்தான் விரும்புவார். நம் வழக்கமான பிளானில் குளியலறை பின்கட்டில் இருக்கிறது. வீடு முழுக்க நடந்துதான் அதற்குப் போக வேண்டும். அதை முன்பக்கம் ஓரமாகக் கொண்டுவந்தால் தீர்ந்தது. இதுமாதிரி விஷயங்கள் புத்தகத்தில் வராது. அந்த வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து பேசினால் ஐந்து நிமிடத்தில் வரும்.

பேசுவதிலும் ஒரு நேர்மை வேண்டும். ஊர்ப் படம் வரையும்போது ஊரை மட்டும் வரைந்துவிட்டுக் காலனியை அம்புக்குறி போட்டுக் காட்டக் கூடாது. தோல் தொழிலின் கஷ்டமான வேலைகளைச் செய்தவர்களில் பெரும்பாலோர் காலனிகளிலும் நெரிசலான முஸ்லிம் தெருக்களிலும் வாழ்கிறவர்கள். மாணவர்கள் முதலில் போக வேண்டிய வாசல்கள் அவை.

2004 சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் மீனவர் கூட்டமைப்பான சிஃப்ஸ் வீடுகளைக் கட்டியபோது, ஆர்க்கிடெக்ட் பென்னி குரியகோஸ் தலைமையில் குடும்பங்களோடு பேசிப் பேசித்தான் திட்டம் போட்டார்கள். வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள் இல்லாமல், ஆளுக்கேற்ற வீடுகள் வந்தன. பேரிடர் அவசரத்திலேயே அது முடிந்தது என்றால், சாவகாசமாகக் கட்டும்போது முடியாதா?

2021 நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் குடியிருப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள்; 2023 செப்டம்பரில் சாவி கைக்கு வந்தது. பல வருடம் முகாம் வாழ்க்கையில் இருந்தவர்களுக்கு அது பெரும் நிம்மதி. இப்படிக் கட்டி முடித்த வீடுகளுக்கு ஒரு மழைக்காலம், ஒரு கோடைக்காலம் கழித்து மாணவர்கள் போய், ‘எங்கே ஒழுகுது, எங்கே புழுங்குது, எதை நீங்களே மாத்திக்கிட்டீங்க?’ என்று கேட்டு எழுதி வைத்தால், அடுத்த ஆயிரம் வீடுகள் இன்னும் நன்றாக வரும். கட்டியதைத் திரும்பப் போய்ப் பார்ப்பது நம் நாட்டில் அரிதாகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகளாவது அதைப் பழக்கமாக்கட்டும்.

பணம்? நாம் நினைப்பதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. கம்பெனிச் சட்டம் 2013இன்படி ஆண்டுக்கு 5 கோடிக்கு மேல் நிகர லாபம் பார்க்கும் கம்பெனிகள், சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராம மேம்பாடும் அதில் சேர்த்தி. மக்கள் பங்களிப்போடு அரசு பணம் சேரும் நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது. வேலூர் விஐடியிலேயே ஆர்க்கிடெக்சர் படிப்பு இருக்கிறது. சென்னைக் கல்லூரிகளும் இரண்டு மூன்று மணி நேரத் தூரம்தான். கம்பெனி, கல்லூரி, ஊராட்சி மூன்றும் ஒரே மேஜையில் உட்காரவில்லை என்பதுதான் குறை.

அந்த மேஜையைப் போடுவதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

வீட்டில் பி.ஆர்க் படிக்கும் பிள்ளை இருந்தால், ‘கிராமத்து ப்ராஜெக்ட் எல்லாம் எதுக்கு, சென்னையில பெரிய ஆபீஸ்ல சேரு’ என்று உடனே சொல்லிவிடாதீர்கள். ஒரு செமஸ்டர் வெயிலில் சாந்து கலந்தவருக்குப் பெரிய ஆபீஸிலும் மதிப்பு கூடத்தான் செய்யும். வீடு கட்ட அரசு ஆணை வாங்கி வைத்திருப்பவர்கள், அஸ்திவாரத்துக்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு நாளில் எங்கே உட்காருகிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். மேஸ்திரி கையில் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள். தோல், ஷூ கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் வாசகர்கள், அடுத்த வருடச் சமூகப் பணிப் பட்டியலில் தொழிலாளர் ஊருக்கு ஒரு மாணவர் கட்டுமானத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் கேளுங்கள். ‘எங்கள் ஊரில் அளக்க வரும் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள், ஊருக்குத் தேவையான ஒரு சிறு கட்டுமானத்தை எங்களோடு சேர்ந்து கட்டி, ஒரு மழைக்காலம் கழித்து வந்து பார்க்க வேண்டும், ஊராட்சி அதற்கு இடமும் உதவியும் தரும்.’ இவ்வளவுதான். ஊராட்சித் தலைவர் கையெழுத்தோடு அந்தக் கடிதம் ஒரு கல்லூரிக்குப் போனால், மறுப்பது அவர்களுக்குத்தான் சங்கடம்.

எந்த ஊர் முதலில் அனுப்பியது என்று எனக்கும் எழுதுங்கள். அந்த ஊரின் பெயரையும், கல்லூரி என்ன பதில் சொன்னது என்பதையும் இதே பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்